போதனா வைத்தியசாலை போல ஒரு பத்திரிகைப் பள்ளி

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நிதியின் பெரும் பங்கை எமது கல்லூரிக்கு ஓர் ஊடக அலகு அமைப்பதற்குச் செலவிடலாம் என்று ஒரு திட்டம் இன்று உங்கள் முன் வைக்கப்பட்டுள்ளது. ரொறன்ரோ, லண்டன், மெல்பேண், கொழும்புக் கிளைகள் எல்லாம் பணம் சேர்த்துத் தந்திருக்கின்றன. வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலும் கையில் இருக்கிறது: மூன்று கமராக்கள், பச்சைத் திரை, மின்விளக்குத் தொகுதி, ஒலிப்பதிவு அறை, பெரிய திரை, ஒரு ட்ரோன். வைத்தியத் துறையில் இருக்கும் எங்களை இதைப் பற்றிப் பேச ஏன் அழைத்தார்கள் என்று சிலர் யோசிக்கலாம். மேற்பயிற்சிக்காக எங்கள் குடும்பம் இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா என்ற ஊரில் இருந்தது. கொலம்பியா என்றதும் தென் அமெரிக்க நாட்டையோ, நியூயோர்க்கின் பெரிய பல்கலைக்கழகத்தையோ நினைக்கவேண்டாம். சென்ற் லூயிஸ் நகருக்கும் கன்சாஸ் சிற்றிக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரம் கிடக்கும் ஒரு பல்கலைக்கழக ஊர் அது. அங்கே வைத்தியசாலையும் பத்திரிகைப் பள்ளியும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பத்திரிகைப் பள்ளியைப் பார்க்கப் பார்க்க, இது எங்கள் போதனா வைத்தியசாலை போலவே இருக்கிறதே என்று நாங்கள் வீட்டில் பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சின் நீட்சிதான் இது.

மிசூரிப் பல்கலைக்கழகம் 1839 இல் தொடங்கியது. அதன் பத்திரிகைப் பள்ளி 1908 செப்ரெம்பர் 14 ஆம் திகதி திறந்தது. திறந்த அன்றே மாணவர்கள் ஒரு பத்திரிகையையும் வெளியிட்டுவிட்டார்கள். முதல் நாள் வகுப்பு, முதல் நாள் பத்திரிகை! முதலில் படியுங்கள், பிறகு எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளியின் முதற் தலைவர் வோல்ரர் வில்லியம்ஸ் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். ஓர் ஊர்ப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எடுபிடியாக வேலை தொடங்கியவர். பட்டம் இல்லாத அந்த மனிதர் பின்னாளில், 1931 இல், அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானார். எங்கள் நாட்டில் இது நடக்குமா என்று கேட்கவேண்டாம். அது வேறொரு நாள் பேச்சு.

அந்தப் பத்திரிகை மாணவர் மலர் அல்ல என்பதுதான் இதில் முக்கியம். ஊருக்கான பத்திரிகை. நகரசபைக் கூட்டம், நீதிமன்றம், தீ விபத்து, பாடசாலைச் சபை, மரண அறிவித்தல் எல்லாம் அதில் வரவேண்டும். ஊரில் வேறு பத்திரிகையும் இருந்தது. அதோடு போட்டி போடவும் வேண்டும். பிழையாக எழுதினால் ஆசிரியர் சிவப்புப் பேனையால் கோடு போடுவதோடு விஷயம் முடியாது. சம்பந்தப்பட்டவர் தொலைபேசியில் அழைப்பார். கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்பார். பயிற்சியாளர்களாக விடுதியில் முதல் நாள் நின்றவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். கட்டிலில் கிடப்பவர் உண்மையான நோயாளி. மேலே ஒரு நிபுணர் நிற்கிறார், எங்கள் ஒவ்வொரு குறிப்பையும் பார்க்கிறார், ஆனாலும் ஊசியைப் போடுவது எங்கள் கைதான்.

ஒப்பீடு எங்களுடைய கண்டுபிடிப்பல்ல. 2012 இல் அமெரிக்காவின் சில அறக்கட்டளைகள் சேர்ந்து பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி, பத்திரிகைக் கல்வி போதனா வைத்தியசாலையின் முறைக்கு மாறவேண்டும் என்று கேட்டன. மருத்துவக் கல்வியும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1910 இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு ஓர் அறிக்கை தந்தார். ஆய்வுகூடம் இல்லை, நோயாளி இல்லை, விரிவுரை மட்டும் உண்டு என்றிருந்த பள்ளிகள் எத்தனையோ. அவற்றில் பல பின்னர் மூடப்பட்டன. நோயாளியைக் காணாமல் வைத்தியராகலாம் என்று நினைத்த காலம் அது. வாசகரைக் காணாமல் பத்திரிகையாளராகலாம் என்று நாங்கள் இப்போது நினைக்கிறோமோ என்பதுதான் எங்கள் சந்தேகம்.

இனி வசதிகளுக்கு வருவோம். அந்தப் பள்ளியில் வசதிகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையம் உண்டு. கோமு என்று சொல்வார்கள். எட்டாம் அலைவரிசை. 1953 டிசம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. என்.பி.சி. வலையமைப்போடு இணைந்த வர்த்தக நிலையம். விளம்பரம் உண்டு, வருமானம் உண்டு. செய்தி அறையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். கே.பி.ஐ.ஏ. என்ற பொது வானொலியும் உண்டு, 1972 முதல். மாலைச் செய்தியில் நகரசபைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் பிள்ளைக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். குரல் நடுங்கும். சில நாள் பெயர் தடுக்கும். ஊரவர் சகித்துக்கொள்வார்கள். போதனா வைத்தியசாலைக்கு வரும் நோயாளர்கள் தம்மைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நிற்பதைச் சகிப்பதில்லையா, அப்படித்தான். ஆனால் செய்தி பிழையாகப் போவதில்லை என்று ஊருக்கு நம்பிக்கை இருந்தது. ஏனென்றால் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் சம்பளம் வாங்கும் ஒரு செய்தியாசிரியர் இருக்கிறார். அவரே விரிவுரையாளராகவும் இருப்பார். அவர் ஒரு வசனத்தைக் காட்டி, 'இதை யார் சொன்னது?' என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அது ஒளிபரப்பாகாது. எங்களுக்கு அங்கே பிடித்த வசதி எது என்று கேட்டால், கமரா அல்ல, அந்த நாற்காலிதான்.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இது பழைய மாணவிகளின் கூட்டம் என்பதால். அந்தப் பள்ளிக்கென்றே எழுந்த முதற் கட்டடத்தின் பெயர் நெஃப் மண்டபம். 1920 இல் முடிந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் அங்கே படித்து வெளியேறிய ஒரு பழைய மாணவர். தமது தகப்பனாரின் ஞாபகமாகக் கொடுத்தார். அதன் பின் நீண்ட காலம் கழித்து, பள்ளி நூறு ஆண்டைத் தொட்டபோது, 2008 செப்ரெம்பரில் ரெனோல்ட்ஸ் இதழியல் நிறுவனம் என்ற புதுப் பிரிவு திறந்தது. ஓர் அறக்கட்டளை 31 மில்லியன் டொலர் கொடுத்திருந்தது. நூற்றாண்டு, பெருந்தொகை, புதுத் தொழில்நுட்பம்: எங்கள் கதைபோலவே இருக்கிறது அல்லவா? தொகையில் மட்டும் சில பூச்சியங்கள் குறைவு.

இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு வேகமாகக் கிழடாகிறது என்பதற்கு அங்கேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. 2009 இல், புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லோரும் ஓர் ஐபோன் அல்லது ஐபொட் ரச் வாங்கவேண்டும் என்று அந்தப் பள்ளி அறிவித்தது. பெரிய சர்ச்சை. ஒரு நிறுவனத்துக்கு விற்பனை பிடித்துக் கொடுப்பதா என்று கேட்டார்கள். வாங்காதவருக்குத் தண்டனை இல்லை, கட்டாயப் பொருள் என்று சொன்னால் கல்விக் கடனுக்குள் அதைச் சேர்க்கலாம் என்று விளக்கம் வந்தது. இன்று ஐபொட் ரச் என்றால் பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது. அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

மற்றது ட்ரோன். எமது பட்டியலிலும் ஒன்று இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகமும் மிசூரியும் ட்ரோன் மூலம் செய்தி சேகரிப்பதைக் கற்பிக்கத் தொடங்கின. 2013 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரசபை இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் அனுப்பியது: அனுமதி எடுக்கும்வரை வெளியில் பறக்கவிடக் கூடாது. கருவி கையில் இருந்தது, ஆகாயம் கையில் இல்லை. இலங்கையிலும் ட்ரோன் பறக்கவிட அனுமதி தேவை என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. வடக்கில் ஒரு பெண்கள் பாடசாலையின் மாணவிகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினால் யார் யார் வந்து என்னென்ன கேட்பார்கள் என்பதைப் பெற்றோர் சங்கத்திடமே விட்டுவிடுகிறோம்.

கிழடாகாத தொழில்நுட்பமும் அங்கே ஒன்று உண்டு. 1980களின் நடுப்பகுதியில் றோட் ஐலன்ட் மாநிலத்தில் எலியற் ஜாஸ்பின் என்ற பத்திரிகையாளர் ஒரு வேலை செய்தார். அந்த மாநிலத்தில் பாடசாலை பஸ் விபத்துகளில் பிள்ளைகள் இறந்திருந்தார்கள். பஸ் சாரதிகளின் பெயர்ப் பதிவு அரசாங்கத்திடம் ஒரு காந்த நாடாவில் இருந்தது. வீதிக் குற்றங்களின் பதிவு இன்னொரு நாடாவில். நீதிமன்றத் தண்டனைகள் வேறொன்றில். இவற்றைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். வீதிக் குற்றங்களைத் திரும்பத் திரும்பச் செய்தவர்களும், போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவர்களும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தது வெளியில் வந்தது. எல்லாத் தகவலும் அரசாங்கத்திடமே இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை. 1989 இல் அவர் மிசூரிக்கு வந்து, கணினியைக் கொண்டு செய்தி சேகரிப்பதைக் கற்பிக்க ஒரு நிலையத்தைத் தொடங்கினார். இன்று அது நைகார் என்ற பெயரில் இயங்குகிறது. அந்தக் காந்த நாடாக்கள் இப்போது அருங்காட்சியகத்துக்குத்தான் போகும். அந்த முறை போகவில்லை. அதைச் செய்ய இன்று எமது கல்லூரியில் ஏற்கெனவே இருக்கும் பழைய கணினிகளே போதும்.

எமது பிள்ளைகளுக்கு இது எட்டாத விஷயமா? சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு ஒவ்வொரு வாரமும் அறிக்கை வெளியிடுகிறது. எந்த மாவட்டத்தில் எத்தனை டெங்கு நோயாளர் என்று அதில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மழை எப்போது பெய்தது என்பது வீட்டு முற்றத்திலேயே தெரியும். இரண்டையும் ஒரு கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தால், எந்த மாதத்தில் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கவேண்டும் என்று தரம் 9 மாணவி ஊருக்குச் சொல்லலாம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணி மருந்தை வாங்கக் கொவிட் பயத்தோடு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கூட்டத்தைக் காட்ட எத்தனையோ கமராக்கள் போயிருந்தன. இதற்குப் பரிசோதனை நடந்ததா, எத்தனை பேரில், யார் செய்தது என்று முதல் நாளே கேட்டவர்கள் மிகச் சிலர். அந்த நாள்களில் விடுதிகளில் நின்ற எங்களுக்கு அந்தக் குறை நன்றாகத் தெரிந்தது. நோயாளர்களிடம் நாங்கள் ஒன்று சொல்ல, அவர்களின் கைத்தொலைபேசி வேறொன்று சொல்லும். எங்களுக்கு ஐந்து நிமிடம். கைத்தொலைபேசிக்கு நாள் முழுவதும்.

இன்னுமொன்றைச் சொல்லாமல் விட்டால் மிசூரியைப் பற்றி அரைவாசி உண்மையே சொன்னதாகும். பெண்களுக்கு அந்தப் பள்ளி ஆரம்பத்திலேயே கதவைத் திறந்தது. மேரி பக்ஸ்ரன் என்ற பெண் 1910 இல் அங்கே பட்டம் பெற்றார். முதல் மாணவி அவர். ஆனால் 1939 இல் லூசில் புளுஃபோர்ட் என்ற பெண் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். ஏற்கெனவே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறையில் பட்டம் பெற்று, கன்சாஸ் சிற்றியில் ஒரு கறுப்பினப் பத்திரிகையில் பொறுப்பான பதவியில் இருந்தவர். தபாலில் அனுமதி கிடைத்தது. பதிவு செய்ய நேரில் போனபோது அவர் கறுப்பினத்தவர் என்று கண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். அவரைப் போன்றவர்களுக்கென்று இருந்த மற்றப் பல்கலைக்கழகத்தில் சமமான கற்கைநெறி இல்லையென்றால் மிசூரி அவரைச் சேர்க்கவேண்டும் என்று 1941 இல் மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு, யுத்தத்தால் மாணவர் தொகை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி, பல்கலைக்கழகம் அந்தப் பட்டமேற்படிப்பையே மூடிவிட்டது! ஒருவரை உள்ளே விடாமல் இருப்பதற்காக வகுப்பையே மூடுவது. அச்சுயந்திரம் இருந்தது, கட்டடம் இருந்தது, நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். 1984 இல் அந்தப் பள்ளி அவருக்குக் கௌரவப் பதக்கம் கொடுத்தது. 1989 இல் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டமும் கொடுத்தது. அதற்குள் அவர் தமது பத்திரிகையில் ஓர் ஆயுட்காலம் வேலை செய்து முடித்திருந்தார்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? ஊடக அலகுக்கு யார் யாரைச் சேர்ப்பது என்பது பற்றித் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: 'சிறந்த உச்சரிப்பும் மேடை அனுபவமும் உள்ள மாணவிகள்.' எமது கல்லூரிக்கு இன்று தீவகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மேடை அனுபவம் யாருக்குக் கிடைத்திருக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த வரியை எடுத்துவிடவேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. திக்கிப் பேசும் பிள்ளை நல்ல செய்தியாளராகலாம். கேட்கத் தெரிந்தால் போதும்.

எங்களுடைய மண்ணுக்கும் இந்த விஷயம் புதிதல்ல. 1841 இல் உதயதாரகை வெளிவந்தது, தமிழிலும் ஆங்கிலத்திலும். 1847 இல் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். வைத்தியமும் அச்சும் ஒரே காலத்தில், சில மைல் தூரத்துக்குள் வளர்ந்த இடம் இது. தொண்ணூறுகளில் இங்கே படித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும். செய்தி தொடங்கும் நேரத்தில் மிதிப்பவர் களைத்துவிட்டால் எல்லோரும் ஏசுவார்கள். பத்திரிகைகள் கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தன. கோடு போட்ட தாளில் செய்தி வாசித்த தலைமுறை நாங்கள். வசதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தைத் திரும்ப யாரும் கேட்கமாட்டோம். அன்று அந்தத் தாளுக்காக மக்கள் காத்திருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறோம். நாங்கள் அமைக்கப்போகும் கலையகத்திலிருந்து வருவதற்கு யார் காத்திருப்பார்கள்? பரிசளிப்பு விழாக் காணொளிக்குப் பெற்றோர் காத்திருப்பார்கள், உண்மை. அதற்கு ஊரில் கலியாண வீட்டுக் கமராக்காரர்களே போதும்.

ஆகவே 1997 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினராகிய நாங்கள் சில திருத்தங்களை முன்வைக்கிறோம். பச்சைத் திரையும் ட்ரோனும் பட்டியலிலிருந்து போகட்டும். கமரா மூன்று வேண்டாம், ஒன்று போதும். நல்ல ஒலிவாங்கிகள் இரண்டு வேண்டும், ஏனென்றால் படம் மங்கலாக இருந்தால் பார்ப்பார்கள், சத்தம் கேட்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மிச்சப்படும் பணத்தில், பத்திரிகைத் துறையில் வேலை செய்த ஒருவரைப் பகுதிநேரச் செய்தியாசிரியராக நியமிக்கவேண்டும். 'இதை யார் சொன்னது?' என்று கேட்கும் அந்த நாற்காலி. கட்டடம் ஒருமுறைச் செலவு, சம்பளம் மாதச் செலவு, அதனால்தான் நன்கொடையாளர்கள் கட்டடத்தை விரும்புகிறார்கள். கல்லில் பெயரும் பொறிக்கலாம். சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கான அந்தச் சம்பளத்தை எங்கள் வகுப்புப் பொறுப்பேற்கிறது; கடிதம் செயலாளரிடம் கொடுத்துவிட்டோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு பக்கப் பத்திரிகை. கல்லூரிக்குள் மட்டுமல்ல, சுற்றியுள்ள கிராம அலுவலர் பிரிவுகளின் வீடுகளுக்கும் போகவேண்டும். வெளிநாட்டுக் கிளைகளுக்கு மின்னஞ்சலில் வரும். பாடத்திட்டத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுக்கும் பிள்ளைகள் மட்டுமல்ல, விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளும் அதில் எழுதவேண்டும்.

ஒரு விதியையும் எழுத்தில் வைக்கவேண்டும் என்று கேட்கிறோம். வைத்தியசாலையில் சம்மதம் வாங்காமல் நாங்கள் யாரையும் தொடுவதில்லை. அதேபோல, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகமும் வெளியில் போகக்கூடாது. உதவி பெறும் பிள்ளையை நன்கொடையாளருக்கு அருகில் நிறுத்தி எடுக்கும் படம் ஒருபோதும் வரக்கூடாது, எங்கள் வகுப்பின் நன்கொடையாக இருந்தாலும் சரி.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று தலைவி அவர்கள் சொன்னார்கள். வெளிநாட்டுக் கிளைகள் அதற்கு முன் தங்கள் கருத்தை எழுத்தில் அனுப்பலாம். திருத்திய பட்டியலின் பிரதி வாசலில் இருக்கிறது. கேள்விகள் இருந்தால், தேநீருக்குப் போவதற்கு முன் இப்போதே கேளுங்கள்.